இருபத்திரண்டு நிமிடம்

ஃப்ளிஸிங்கன் துறைமுகத்தில் ஜனவரி மழை.
முத்திரையை வெட்டிக் கதவை இழுத்தான் ரூலோஃப்.
வெள்ளை இரும்புப் பெட்டியின் மூச்சு
முழங்காலுக்குக் கீழே வழிந்து போயிற்று.

நான் சரக்குப் பரிசோதகர். பெயர் யில்டூ.
கெட்டதை எண்ணிச் சொல்வது என் பிழைப்பு.
இறாலின் கண், வெண்ணெய்ப்பழக் காம்பு,
ஆட்டுத்தொடையில் உறைபனி தின்ற திட்டு,
எல்லாம் என்னிடம் வாக்குமூலம் கொடுத்தவை.
இன்று திராட்சை. விதையில்லாதது.
ஆரஞ்சு நதியின் நமீபியக் கரையிலிருந்து
இருபது அடுக்கு, இருபத்தாறு நாள் கடல்.

பழத்தின் நடுவே ஊசியைக் குத்தினேன்.
பூஜ்யத்துக்குக் கீழே அரை டிகிரி.
உறையும் விளிம்பில் நிறுத்தி
உறையவிடாமல் ஒரு பழத்தைக் கடல் கடத்துவது
தூங்கும் பிள்ளையை எழுப்பாமல்
வீடு மாற்றுவது போல.

பத்தாம் அடுக்கின் மேல் பதிவுக்கருவி.
தீப்பெட்டி அளவு. கண் மூடாத சாட்சி.
கணினியில் செருகியதும் கோடு வந்தது.
உப்பளம் போல் தட்டை.
வால்விஸ் விரிகுடா, பூமத்தியரேகை, பிஸ்கே
எங்கேயும் அசையவில்லை.
கிளம்புவதற்கு முன்னால் மட்டும்
ஒரு திமில்.
டிசம்பர் ஒன்பது, மதியம் இரண்டு பதினாறு.
பதினோரு டிகிரிக்கு ஏறி இறங்கியிருக்கிறது.
இருபத்திரண்டு நிமிடம்
யாரோ கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

காப்பீட்டுக்காரர்களுக்குத் திமில் பிடிக்கும்.
ஏறி உட்கார்ந்து போய்விடலாம்,
பணம் தராமல்.

கடைசி அடுக்கும் இறங்கிய பிறகு
தரையின் அலுமினியப் பள்ளத்தில்
ஒரு தலைத்துணி.
மஞ்சள் பூப்போட்டது,
அப்பளமாய் விறைத்திருந்தது.

பண்ணைக்கு எழுதினேன். இருபத்திரண்டு நிமிடம், ஏன்?
மேலாளர் வாய் திறக்கவில்லை.
மூன்றாம் நாள், சரக்கேற்றும் கொட்டகையிலிருந்து
எராஸ்டஸ் ஷிலோங்கோ என்பவர் எழுதியிருந்தார்:

‘அன்று வெயில் நாற்பத்தாறு டிகிரி.
சைமா கொடிகளுக்கு நடுவில் விழுந்துவிட்டாள்.
ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் என்றார்கள்.
குளிர் அங்கேதான் இருந்தது.
பத்து அடுக்கு ஏற்றியிருந்தோம்.
பதினொன்றை நிறுத்தச் சொன்னவன் நான்.
வெறுந்தரையில் படுக்க வைத்தோம்.
சாத்தினால் பயப்படுவாளென்று
கதவைப் பாதி திறந்தே வைத்தோம்.
பழம் எவ்வளவு போயிற்று?’

பழம் எவ்வளவு போயிற்று.

மறுபடி எண்ணினேன்.
பத்தாம் அடுக்கில் நான்கு பெட்டி.
காம்பு பழுத்து, தோலில் சாம்பல் பூஞ்சை படிந்து,
பதினெட்டு கிலோ.

படிவத்தில் காரணத்துக்கு மூன்று கட்டம்:
இயந்திரக் கோளாறு,
கையாள்வோர் அலட்சியம்,
பிற.
‘பிற’வுக்குப் பக்கத்தில் ஒரு விரல்நீளக் கோடு.
கால் நீட்டிப் படுத்திருப்பவளை
அதற்குள் எப்படி மடக்குவது?

‘கதவு திறந்திருந்தது. நஷ்டம் நான்கு பெட்டி.’
கையெழுத்து. தேதி.

ஷிலோங்கோவுக்கும் எழுதினேன். நான்கு.
அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கப் போய்
அழித்து
திரும்ப எழுதி அனுப்பினேன்.
பதில் இல்லை.
அறுவடை முடிந்து வடக்கே
ஊர்களுக்குப் பேருந்து ஏறியிருப்பார்கள்.

ஹீட்டர் மேல் காய்கிறது தலைத்துணி.
இளகியதும் முதலில் கந்தகம் மணத்தது,
பெட்டிக்குள் பூஞ்சைக்கு வைக்கிற தாளின் கந்தகம்.
பிறகு திராட்சை.
வெகுநேரம் கழித்து, வியர்வை.

ரூலோஃப் வந்து மூக்கைச் சுளித்தான்.
என்ன இது?
சரக்கு, என்றேன். பட்டியலில் விடுபட்டது.

அடுத்த பெட்டி வந்தாயிற்று, என்றான்.
பெரு நாட்டு மாம்பழம்.
ஊசியைத் துடைத்துக்கொண்டு
மழையில் இறங்கினேன்.